மூதறிஞர் ராஜாஜி: இரு கட்சிக்கும் ஒரு சாட்சி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலை ஒன்றில் மேல்வகுப்பு மாணவர் நடத்திய விவாத அரங்கில் நடுவராக அமரும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. நாட்டின் தொழிலையும் செல்வத்தையும் அரசாங்கமே ஏற்று நடத்தும் சமதர்மம் மக்களுக்கு நன்மை தருமா, அன்றிக் காவல், நீதி முதலிய சில கடமைகளோடு தன்னை வரையறுத்துக்கொண்டு ஏனையவற்றைக் குடிமக்களிடம் விட்டுவிடும் அரசாங்கம் நன்மை தருமா என்பதே விவாதப் பொருள்.

சமதர்மக் கட்சியில் பேசிய மாணவனுடைய பாட்டனார் ஆங்கிலேயர் காலத்துக் கடற்படைத் தளத்திலே கூலி வேலை செய்தவர். தளம் கைமாறி வேலை போன பின்னர்க் கூப்பன் அரிசி ஒன்றுதான் தங்கள் குடும்பத்தைக் காத்தது என்று அவன் உருக்கமாக எடுத்துரைத்தான். எதிர்க்கட்சியில் எழுந்த மாணவி கடற்றொழிலாளர் வீட்டுப் பெண். போர் நடந்த ஆண்டுகளிலே கடலுக்குப் போவதற்கும் அனுமதிச் சீட்டுக்காகக் காத்துக் கிடந்தவர்களின் பிள்ளை. எதற்கும் காகிதம் கேட்கும் அரசாங்கத்தின் முன்னே உழைப்பாளி நிமிர்ந்து நிற்க முடியாது என்பது அவள் வாதம்.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. இருவரும் ஒரே மனிதரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். அனுமதிச் சீட்டு ஆட்சியை எதிர்த்து எண்பது வயதில் ஒரு கட்சியையே தொடங்கியவர் அவர் என்றாள் மாணவி. கடனில் மூழ்கிய உழவனைச் சட்டத்தின் கைகொண்டு மீட்டவரும், கள்ளுக்கடையைச் சட்டத்தின் கைகொண்டு மூடியவரும் அவரே என்றான் மாணவன். இரண்டும் மெய். புள்ளிகளைக் கூட்டி யான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்; ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை. அம்முதியவரின் வாழ்வை முதலிலிருந்து நோக்கினாலன்றி அவர் யாருடைய சாட்சி என்பது விளங்காது.

1878ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், அந்நாளைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கிராம முன்சீப். வரி வாங்கும் அரசாங்கத்தின் மிகச் சிறிய கையை அவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டு வளர்ந்தார் என்று சொல்லலாம். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். தொழில் செழித்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகப் பணியாற்றினார். அவர் ஏற்ற முதல் ஆட்சிப் பொறுப்பு அதுவே.

1919இல் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டபின் அவர் வாழ்வு திசை திரும்பிற்று. வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்தார். 1921இன் இறுதியில் சிறை புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய பணிகளில் ஈடுபட்டார். அரசாங்கத்தின் உதவி சிறிதுமின்றிக் குடிமக்களே கூடித் தம் ஊரைத் திருத்திக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கைமேல் எழுந்தது அவ்வாசிரமம். பின்னாளில் அவர் அரசாங்கத்துக்கு எல்லை வகுக்க முற்பட்டபோது, அவர் உள்ளத்திலிருந்த மாதிரி அந்தச் சிற்றூரே எனலாம்.

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது உடன்வந்தவர்களுள் ராஜாஜியும் ஒருவர். யாழ்ப்பாணத்து இளைஞர் தொடங்கிய மாணவர் காங்கிரசின் அழைப்பு அப்பயணத்துக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. சாதி வேற்றுமையையும் அந்நிய ஆட்சியையும் ஒருங்கே எதிர்த்த அவ்விளைஞர்கள், ஆட்சி நம் கைக்கு வந்தபின் அதனைக் கொண்டு யாது செய்வது என்ற கேள்வியையும் அக்காலத்திலேயே எழுப்பத் தொடங்கிவிட்டனர்.

இந்தியாவில் அக்கேள்விக்கு ஒரு விடை 1934இல் உருவாயிற்று. காங்கிரசுக்குள்ளேயே சமதர்மக் கட்சி ஒன்றை இளைஞர்கள் தொடங்கினார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயணன் அதன் முன்னணியில் நின்றார். அவரோடு தோள் கொடுத்தவர் மினு மசானி. அப்போது அவருக்கு வயது முப்பதுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஜீவானந்தம், ராமமூர்த்தி போன்ற இளைஞர்கள் அவ்வழியை மேற்கொண்டனர். ராஜாஜி அதிலிருந்து விலகியே நின்றார். மசானியின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அவரைப் பின்னர் வேறோர் அரங்கில் சந்திப்போம்.

1930இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம்வரை சுமார் நூறு தொண்டர்களோடு நடந்து சென்று உப்பு அள்ளிச் சிறைசென்ற ராஜாஜி, 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். உப்புக்கு அரசாங்கம் வரி போடலாகாது என்று நடந்தவரின் கையில் இப்போது அரசாங்கமே வந்து சேர்ந்தது. அதனை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்?

தயங்காமற் பயன்படுத்தினார் என்பதே விடை. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். கள் வருவாய் போனதால் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றி, வட்டிக்கு வட்டியாய் வளர்ந்த கடனைக் குறைத்தார். 1939இல் தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் செல்வதற்குச் சட்டத்தின் பாதுகாப்பளித்தார். அவ்வாண்டு ஜூலையில் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் புகுந்த நிகழ்ச்சியை அடுத்தே அச்சட்டம் பிறந்தது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலே, கோயிலுக்கும் வழிபடுவோனுக்கும் இடையிலே, குடிகாரனுக்கும் அவன் கலயத்துக்கும் இடையிலே அரசாங்கம் சென்று நின்றது. எளியவன் வலியவனோடு தனியே விடப்பட்டால் அவனுக்கு விடுதலை என்ற சொல்லால் பயனில்லை என்று அன்றைய ராஜாஜி அறிந்திருந்தார். நமது சமதர்ம மாணவன் அழைத்த சாட்சி இவரே.

ஆனால் அதே கை மற்றொன்றையும் செய்தது. 1938இல் உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழகம் கொதித்தெழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நடராசன், தாளமுத்து என்ற இரு இளைஞர்கள் காவலில் இருந்தபோது 1939இல் உயிர்நீத்தார்கள். தேசியவாதிகளை ஒடுக்குவதற்கென்று ஆங்கிலேயர் வைத்திருந்த கடுஞ்சட்டத்தையே மறியல் செய்தவர்கள்மேல் அவர் அரசாங்கம் ஏவியது. அவ்வாண்டு அக்டோபரில் அமைச்சரவை விலகியது. 1940 பெப்ரவரியில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது.

ஈழத்தில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி தூரத்துக் கதையன்று. 1945இல் இலவசக் கல்வியைத் தந்ததும் அரசாங்கத்தின் கைதான். கன்னங்கரா காட்டிய அவ்வழியால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று விதித்ததும் அரசாங்கத்தின் கைதான். பாடசாலைக் கதவைத் திறந்த கையே அலுவலகக் கதவைச் சாத்தியது. பெரும்பான்மையோர் பக்கம் அரசாங்கம் சாயும்போது சிறுபான்மையோருக்கு அரண் யாது என்ற வினா, எல்லையுள்ள அரசாங்கம் வேண்டும் என்பவர்களின் வாதத்துக்கு உயிர்நாடியாகும்.

ராஜாஜியின் கதைக்கு மீள்வோம். மேற்கு வங்க ஆளுநர், விடுதலை பெற்ற இந்தியாவின் கவர்னர் ஜெனரல், உள்துறை அமைச்சர் ஆகிய பதவிகளை வகித்து ஓய்வுகொள்ள வந்தவரை, 1952இல் மீண்டும் சென்னை முதலமைச்சராக்கினார்கள். அத்தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதனால் நேர்ந்த அழைப்பு அது.

போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு அப்போதும் நடைமுறையில் இருந்தது. நெல்லை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லச் சீட்டு. அரிசி வாங்கச் சீட்டு. சீட்டைச் சுற்றிக் கள்ளச்சந்தையும் கையூட்டும். 1952 ஜூனில் ராஜாஜி அக்கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பால் நீக்கினார். விலை ஏறும், பஞ்சம் வரும் என்று அஞ்சியோர் பலர். பதுக்கியிருந்த நெல் வெளிவந்தது. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. தில்லியில் உணவமைச்சராயிருந்த ரஃபி அகமது கித்வாய் அவருக்குத் துணைநின்றார். ஏனைய மாநிலங்களும் பின்னர் அவ்வழியே சென்றன.

அடுத்த ஆண்டு நமது நாட்டில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். கொரியப் போரால் உலகச் சந்தையில் அரிசி விலை உயர்ந்தது. மானியச் சுமையைக் குறைக்க எண்ணிய அரசாங்கம், கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக 1953 ஜூலையில் உயர்த்தியது. இடதுசாரிகள் அறைகூவிய ஹர்த்தால் ஆகஸ்டு 12ஆம் நாள் நாட்டை நிறுத்தியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். சென்னையில் அரசாங்கம் கையை எடுத்தபோது மக்கள் மகிழ்ந்தனர். கொழும்பில் கையை எடுத்தபோது கொதித்தனர். காரணம் யாது? அங்கே எடுக்கப்பட்டது உழவனுக்கும் உண்பவனுக்கும் நடுவே நின்ற தடை. இங்கே எடுக்கப்பட்டது ஏழையின் கலத்தில் விழுந்துகொண்டிருந்த அரிசி. இரண்டுக்கும் அரசாங்கத்தைச் சுருக்குதல் என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் விவாதம் அங்கேயே வழிதவறிவிடும்.

இவ்வேற்றுமையை ராஜாஜி உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றுண்டு. அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கிய அதே 1952இல், தஞ்சை மாவட்டத்தில் குத்தகை உழவரையும் பண்ணையாட்களையும் மிராசுதார்கள் வெளியேற்றாதபடி காக்கும் அவசரச் சட்டத்தையும் அவரே பிறப்பித்தார். பொதுவுடைமைக் கட்சியைத் தம் முதற் பகையென்று எண்ணியவர், அக்கட்சி எந்த ஏழைகளுக்காகப் போராடிற்றோ அவர்களுக்காகவே சட்டம் செய்தார்.

எனினும் மறு ஆண்டில் மீண்டும் இடறினார். 1953இல் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குறைந்த பணத்தில் மிகுந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சாதியால் தொழில் வகுக்கப்பட்ட சமுதாயத்தில் அதன் பொருள் யாதாகும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை, அல்லது எண்ணியும் பொருட்படுத்தவில்லை. முடி திருத்துவோர் மகன் முடி திருத்தவும் வெளுப்போர் மகன் வெளுக்கவும் வகைசெய்யும் குலக்கல்வி என்று அதனை எதிர்த்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எழுந்தனர். சொந்தக் கட்சியினரிடையேயும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, காமராசர் முதல்வராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். குடிமக்களைக் கேளாமல் அவர்கள் பிள்ளைகளின் பகற்பொழுதைப் பங்கிட்ட அந்த ஆணையை, எல்லையுள்ள அரசாங்கத்தின் செயல் என்று எவரும் சொல்லமாட்டார்.

இதன் பின்னர்தான் அவர் வாழ்வின் கடைசிப் பெரும்போர் தொடங்குகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சமதர்ம பாணிச் சமுதாயமே தன் இலக்கு என்று தீர்மானித்தது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடியபோது, நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவு முறையில் பயிரிடுவதே வருங்காலத்து வழி என்றது. தொழில் தொடங்க உரிமம், பொருள் கொண்டுவர அனுமதி, மூலப்பொருளுக்குப் பங்கு என்று எங்கும் சீட்டுகள் பெருகின. சீட்டு வழங்கும் அதிகாரம் கட்சிக்குப் பணமும் ஆளும் சேர்க்கும் கருவியாகிவிடும் என்று ராஜாஜி அஞ்சினார். தம் நண்பர் நேருவை எதிர்த்து, 1959 ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது எண்பது.

அக்கட்சியின் தலைவர் உழவர் சங்கத் தலைவராய்ப் புகழ்பெற்ற என். ஜி. ரங்கா. பொதுச் செயலாளர் மினு மசானி! கால் நூற்றாண்டுக்கு முன்னர்ச் சமதர்மக் கட்சியைத் தொடங்கிய இளைஞர், இப்போது சமதர்மத்தை எதிர்க்கும் கட்சியின் தூணானார். சோவியத் நாட்டில் அரசாங்கத்தின் கை கழுத்தை நெரிக்கும் கையானதைக் கண்டு மனம் மாறியவர் அவர். இளமையில் ஒரு கட்சியில் நின்று வாதிடும் மாணவர்கள், கொள்கை மாறுதல் எப்போதும் குற்றமாகாது என்பதற்கு இவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இங்கே நம் நாட்டவர்க்குப் புன்முறுவல் வரவழைக்கும் செய்தி ஒன்றுண்டு. பண்டாரநாயக்கா 1951இல் தொடங்கிய கட்சிக்கும் சுதந்திரக் கட்சி என்றே பெயர். அக்கட்சியின் தலைமையில் 1956இல் அமைந்த ஆட்சி, 1957இல் திருகோணமலைத் தளத்தை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டது. 1958இல் பேருந்துகளையும் கொழும்புத் துறைமுகத்தின் சரக்கேற்றும் தொழிலையும் அரசுடைமையாக்கியது. பாக்குநீரிணைக்கு இக்கரையில் சுதந்திரம் என்ற சொல் அரசாங்கம் ஏற்று நடத்துதலைக் குறித்தது. அக்கரையில் அரசாங்கம் விலகி நிற்றலைக் குறித்தது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆதலின் விவாதத்தில் இறங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, யாருக்கு எதிலிருந்து சுதந்திரம் என்பதே.

ராஜாஜியின் கட்சி 1962இல் மக்களவையில் 18 இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் பெற்று முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. மன்னர்களும் செல்வர்களும் அதன் நிழலில் ஒதுங்கினர் என்ற குறை உண்மையானதே. தமிழகத்தில் 1967இல் அண்ணாவின் தலைமையிலான தி.மு.க.வோடு கைகோத்துக் காங்கிரசை வீழ்த்தினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தாம் இந்தியைப் புகுத்தியபோது எதிர்த்தவர்களோடு, இப்போது இந்தித் திணிப்பை எதிர்த்து அவர் நின்றார். மொழியை ஆணையிட்டுப் புகட்ட இயலாது என்ற பாடத்தைக் காலந்தாழ்த்தியேனும் கற்றுக்கொண்டார்.

1971இல் அவர் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. அவ்வாண்டில் தமிழக அரசு மதுவிலக்கை ஒத்திவைக்க முற்பட்டபோது, தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லம் தேடிச்சென்று, வேண்டாமென்று மன்றாடினார். அரசாங்கம் குடிமகனின் வாழ்வில் தலையிடலாகாது என்று பன்னிரண்டு ஆண்டுகள் முழங்கியவர், குடிக்கும் விருப்பத்தில் அரசாங்கம் தலையிட்டே ஆகவேண்டும் என்று வாயிற்படியில் நின்றார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1972 திசம்பர் 25ஆம் நாள் சென்னையில் அவர் ஆவி பிரிந்தது. வாழ்நாளெல்லாம் அரசியலில் எதிர்நின்ற நண்பர் பெரியார், இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டார்.

அரசியற் சுமைகளுக்கிடையே அவர் தமிழுக்குச் செய்த தொண்டையும் ஆசிரியர்கள் மறக்கலாகாது. வேதியியலைத் திண்ணைப் பேச்சாக்கித் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அக்காதெமியின் பரிசைப் பெற்றது. கற்றோர் கையிலிருந்த அறிவைச் சீட்டும் உரிமமுமின்றி எல்லோர்க்கும் எளிய நடையில் பங்கிட்டதை, அவர் முரண்பாடின்றிச் செய்த சமதர்மம் எனலாம்.

இனி அந்த மாணவர் இருவருக்கும் யான் சொல்லாமல் விட்ட தீர்ப்புக்கு வருகிறேன். ராஜாஜி இருவருக்கும் சாட்சி சொல்கிறார். இருவரையும் குறுக்கு விசாரணையும் செய்கிறார். எல்லையுள்ள அரசாங்கம் வேண்டும் என்ற மாணவியை நோக்கி அவர் வாழ்வு கேட்பது இது: பதவியிலிருக்கும்போது கடன், கோயில், மது, மொழி, கல்வி என்று எல்லாவற்றிலும் கைவைத்தவன், பதவி நீங்கிய பின்னரே எல்லையைப் பற்றிப் பேசினான், உன் கையில் அதிகாரம் வரும் நாளில் உனக்கு நீயே எல்லை வகுப்பாயா? சமதர்மம் வேண்டும் என்ற மாணவனை நோக்கிக் கேட்பது இது: பசித்தவனுக்குச் சோறிடும் கை, ஒருநாள் உன் மொழியை ஒதுக்கும் கையாகலாம், அக்கையைத் தடுத்து நிறுத்தும் வழியையும் முன்னரே அமைத்திருக்கிறாயா?

சீனன்குடாவில் ஆங்கிலேயர் எழுப்பிய 99 எண்ணெய்க் குதங்கள் இன்றும் நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவற்றுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பிரிக்கப்பட்டன. இரு நாட்டு அரசாங்க நிறுவனங்களின் பங்கீடு அது. அக்குதங்களைச் சுற்றி வாழும் குடிகளுக்கு அதில் என்ன பங்கு என்பதை அடுத்த விவாதத்துக்குப் பொருளாக வைக்கலாம் என்று அப்பாடசாலை ஆசிரியரிடம் கூறியிருக்கிறேன். அன்றும் நடுவராக அமரச் சித்தமாயிருக்கிறேன்.